பிள்ளையாருக்கு மாட்டிய பேட்ஜ்

காலைத் தாராளமா நீட்டிக்கங்க சார். இந்தப் பெட்டி ஒண்ணும் பண்ணாது. துறையூர்ல ஏறுனதுலேருந்து பாக்குறேன், நீங்க இதைப் பாக்குறதும், ஜன்னலைப் பாக்குறதும், திரும்ப இதைப் பாக்குறதுமா இருக்கீங்க. கேக்கவும் கூச்சமா இருக்கு, கேக்காம இருக்கவும் முடியல. நானே சொல்லிடுறேன். மீன் இல்ல. ரத்தம்.

பாத்தீங்களா, காலை இழுத்துக்கிட்டீங்க. அஞ்சு மில்லி சார், அவ்வளவுதான். பச்சை மூடி போட்ட ஒரு சின்ன ட்யூப். சாயந்தரத்துக்குள்ள சென்னையில ஒரு லேப்ல குடுத்தாகணும். சூடு ஆகக் கூடாது, உறையவும் கூடாது, குலுங்கவே கூடாது. அதான் மேல வைக்காம மடியில வச்சிருக்கேன். என் ரத்தம் இல்ல. என் ரத்தம் தை மாசமே போயிட்டு நல்ல பேர் வாங்கிட்டு வந்துருச்சு. அந்த நல்ல பேரால என் பொழப்பு போச்சு, அது வேற கதை. இது செங்கமலத்தோட ரத்தம்.

செங்கமலம் எங்க ஆஸ்பத்திரி ஆயா. நாப்பத்தேழு வயசு. பதினோரு வருஷமா என்கிட்டதான் எக்ஸ்ரே ரூம்ல இருக்கா. என் வேலை போனதுக்குக் காரணமே அவ வாய்தான். அவ ரத்தத்தை நான் மடியில தூக்கி வச்சுக்கிட்டு, கைக்காசு போட்டு டிக்கெட் எடுத்து, ஏதோ கல்யாணப் பத்திரிகை மாதிரி பதவிசா கொண்டு போறேன். 'உங்களுக்கு என்ன கிறுக்கா'ன்னு காலையில என் வீட்டுக்காரி கேட்டா. இப்ப உங்ககிட்ட சொல்லிப் பாக்குறேன். கிறுக்கா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க.

நான் மாசிலாமணி. எக்ஸ்ரே டெக்னீஷியன், இருபத்தேழு வருஷ சர்வீஸ். அந்தக் காலத்துல இருட்டு ரூம்ல ஃபிலிமைக் கழுவுனவன். இப்ப எல்லாம் கம்ப்யூட்டர். ஆனா எந்த எலும்பு எங்க விரிசல் விட்டிருக்குன்னு டாக்டர் பாக்குறதுக்கு முன்னாடி நான் சொல்லிடுவேன். சொல்லக் கூடாது. சொல்லிடுவேன்.

எக்ஸ்ரே ரூம்ல வேலை பாக்குறவங்களுக்கு ஒரு பேட்ஜ் குடுப்பாங்க சார். தீப்பெட்டி சைஸ்ல இருக்கும். சட்டையில நெஞ்சுகிட்ட மாட்டிக்கணும். நம்ம மேல எவ்வளவு கதிர் படுதோ அவ்வளவையும் அது வாங்கி வச்சுக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அதைக் கதிர் அளக்குற லேபுக்கு அனுப்பிடணும். அவங்க படிச்சுப் பாத்து, இந்த ஆள் மேல இவ்வளவு பட்டிருக்குன்னு எழுதி அனுப்புவாங்க. எனக்கு எப்பவும் பூஜ்யம்தான் வரும். நான் பள்ளிக்கூடத்துல கணக்குல வாங்குன அதே மார்க்கு. 'எப்படி மாசிலாமணி இவ்வளவு கவனமா இருக்கீங்க'ன்னு பெரிய டாக்டரே கேட்டிருக்காரு. பெரிய டாக்டர்னா ஆஸ்பத்திரி ஓனர்.

கவனமாதான் இருந்தேன். பேட்ஜை மேஜை ட்ராயர்ல வச்சுப் பூட்டி வச்சிருந்தேன்.

சிரிக்காதீங்க சார். தொலைஞ்சா எப்படித் தொலைஞ்சது, எங்க தொலைஞ்சது, யார் சாட்சின்னு நூறு கேள்வி கேட்டு லெட்டர் வரும். சட்டையில மாட்டிக்கிட்டே போனா வீட்டுக்காரி துணியோட துணியா ஊறப் போட்டுருவா. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில ஒருத்தன் அப்படித்தான் பேட்ஜைத் துவைச்சுட்டு வம்புல சிக்குனான். அதனால ட்ராயர். என்னைப் பொறுத்தவரைக்கும் அது ஒரு பொறுப்பு.

போன ஆயுத பூஜை வரைக்கும் இப்படியே ஓடுச்சு. பூஜையன்னைக்கு மெஷினுக்கு மாலை போட்டு, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வச்சோம். இதுவும் தொழில் பண்ற சாமான்தானேன்னு பேட்ஜையும் எடுத்துச் சந்தனம் குங்குமம் வச்சு, பிள்ளையார் படத்து ஆணியில மாட்டுனேன். பாக்க அவ்வளவு லட்சணமா இருந்துச்சு. செங்கமலம்கூட, 'பிள்ளையாருக்கு டாலர் போட்ட மாதிரி இருக்கு சார்'னு சொன்னா. சரி, பூட்டித் திறக்குற வேலை மிச்சம், இங்கயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

அந்தப் படம் எங்க இருக்குன்னு கேளுங்க. நெஞ்சுப் படம் எடுக்குறதுக்குச் சுவர்ல ஒரு ஸ்டாண்டு இருக்கும். ஆளு அதுல நெஞ்சை ஒட்டி நிப்பாங்க, முதுகுப் பக்கத்துலேருந்து மெஷின் அடிக்கும். அந்த ஸ்டாண்டுக்கு நேர் மேலதான் பிள்ளையார். படம் எடுக்க வர்றவங்க பயப்படாம இருக்கட்டும்னு நான்தான் மாட்டுனேன்.

அதுக்குன்னே காத்திருந்த மாதிரி ஐப்பசியில புதுசா ஒரு தையல் கம்பெனி வந்துச்சு. வேலைக்குச் சேர்ற பொண்ணுங்க எல்லாருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே. தினம் எழுபது, எண்பது. மூணு மாசம். ஒவ்வொரு அடியிலயும் கொஞ்சம் கொஞ்சம் மேல பரவி, பேட்ஜ் வாங்கிக்கிட்டே இருந்திருக்கு. எனக்கு அது உறைக்கவே இல்ல சார். இருபத்தேழு வருஷ சர்வீஸ், உறைக்கல. சாமிகிட்ட இருக்கிற பொருளுக்கு என்ன ஆயிடப் போகுதுன்னு இருந்துட்டேன்.

தை பொறந்ததும் லெட்டர் வந்துச்சு. மாசிலாமணி, நானூத்திப் பன்னெண்டு. ஒரு வருஷத்துக்கே முப்பதைத் தாண்டக் கூடாதாம். எனக்கு மூணு மாசத்துல நானூத்திப் பன்னெண்டு. பேட்ஜ் மேல ஏதோ மஞ்சள் பொடி ஒட்டியிருந்ததுன்னு அடியில ஒரு வரி வேற.

பெரிய டாக்டர் லெட்டரைப் படிச்சதும் எந்திரிச்சு நின்னுட்டாரு. அவர் உக்காருற நாற்காலியில என்னை உக்காரச் சொன்னாரு. இருபத்தேழு வருஷத்துல அந்த ரூம்ல நான் உக்காந்தது அன்னைக்குத்தான். 'மாசிலாமணி, தல சுத்துதா, முடி கொட்டுதா'ன்னு கேட்டாரு. முடி கொட்டி பதினஞ்சு வருஷம் ஆச்சு சார், அவர் அன்னைக்குத்தான் பாக்குறாரு.

கூடவே நிரப்பி அனுப்புறதுக்கு ஒரு பாரம் வந்திருந்துச்சு. 'பேட்ஜை வேலை நேரத்தில் எப்போதும் அணிந்திருந்தீர்களா?' உண்மையை எழுதியிருக்கலாம். பிள்ளையார்கிட்ட மாட்டியிருந்தேன்னு எப்படி எழுதுறது? இருபத்தேழு வருஷ பூஜ்யமும் ட்ராயரோட பூஜ்யம்னு ஆயிடாது? அதனால எழுதுனேன்: 'ஆம். குளிக்கும் நேரம் தவிர.' கையெழுத்தும் போட்டேன். குளிக்கும் நேரம்னு எழுதுனது கொஞ்சம் அதிகம்தான். நம்பணுமேன்னு எழுதிட்டேன்.

அதுக்கப்புறம்தான் சொன்னாங்க, ரத்தம் எடுக்கணும்னு.

சென்னையிலேருந்து கதிர் பாதுகாப்பு அதிகாரி ஒருத்தங்க ஃபோன்ல பேசுனாங்க. மெஹருன்னிசா மேடம். அவ்வளவு தன்மையா பேசுனாங்க. நம்ம ரத்தத்துல இருக்கிற செல்லுக்குள்ள குட்டி குட்டியா நூல் துண்டு மாதிரி இருக்குமாம். குரோமோசோம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடுப்பு இருக்குமாம். கதிர் பட்டா அது உடையும். உடைஞ்சது திரும்ப ஒட்டும்போது அவசரத்துல ஆள் மாத்தி ஒட்டிக்குமாம். அப்ப ஒரே துண்டுக்கு ரெண்டு இடுப்பு வந்துரும். மைக்ராஸ்கோப்புல ஆயிரம் செல்லை வச்சு, எத்தனை இடத்துல ரெண்டு இடுப்பு இருக்குன்னு எண்ணுவாங்க. அதை வச்சு உடம்புல எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு சொல்லிடுவாங்க. 'பேட்ஜ் எங்க இருந்ததோ அதுக்குப் பட்டதைச் சொல்லும். ரத்தம் உங்களுக்குப் பட்டதைச் சொல்லும்'னாங்க.

என் வீட்டுக்காரி விசாலிகிட்ட இந்த இடுப்புக் கதையைச் சொன்னேன். 'ஆயிரம் பேரை நிக்க வச்சு இடுப்பை எண்ணுறதுக்கு ஒரு படிப்பா'ன்னு கேட்டா. அதுக்கப்புறம் பாத்ரூமுக்குள்ள போய் தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதா.

வீட்ல எனக்கு நடந்த உபசாரம் இருக்கே சார். இருபத்திரெண்டு வருஷமா, போட்டதைத் தின்னுட்டு எந்திரிங்கிறவ, 'இன்னைக்கு உங்களுக்கு என்னங்க சமைக்கட்டும்'னு கேக்குறா. மாதுளம்பழம் காலையில, பீட்ரூட் மத்தியானம், சாயந்தரம் முருங்கைக்கீரை சூப்பு. எனக்கு வேர்வைகூட சிவப்பா வருதோன்னு சந்தேகமாயிருச்சு. முசிறியிலேருந்து மச்சினன் ஒரு குலை இளநியோட வந்தான். வாசப்படியிலயே உக்காந்துகிட்டான். 'உள்ள வாடா மாப்ள'ன்னா, 'இருக்கட்டும் மாமா, காத்து நல்லா வருது'ங்கிறான். மேல் வீட்டம்மா, நான் மாடிப்படி ஏறும்போது அவங்க டிவியில கோடு விழுகுதுன்னு சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரியில என்னை எக்ஸ்ரேயிலேருந்து எடுத்து ரிசப்ஷன்ல உக்கார வச்சாங்க. வர்றவங்க எல்லாம் தொழிலுக்காக உடம்பைக் குடுத்த மனுஷன்னு என்னைப் பாத்துட்டுப் போவாங்க.

உள்ளதைச் சொல்றேன் சார், எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

ஆனா ராத்திரி படுத்தா தூக்கம் வராது. என் நிலைமையைப் பாருங்க. ரத்தம் கெட்டிருந்தா உயிருக்கு ஆபத்து. ரத்தம் நல்லா இருந்தா, பேட்ஜ் என் மேல இல்லேன்னு அர்த்தம், நான் எழுதிக் குடுத்தது பொய், வேலை போச்சு. கெட்டிருக்கட்டும்னு வேண்டுறதா, நல்லா இருக்கட்டும்னு வேண்டுறதா? கடைசியில ஒரு நடுவாந்தரமா வேண்டிக்கிட்டேன். கொஞ்சமா கெட்டிருக்கணும் பிள்ளையாரப்பா. உயிருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, மானமும் போகக் கூடாது, அந்த அளவுக்குப் பாத்துக் கெடுத்துக் குடுன்னு. உலகத்துலயே இப்படி வேண்டுன ஆள் நான் ஒருத்தனாதான் இருப்பேன்.

மாசி மாசம் ரிசல்ட் வந்துச்சு. ஆயிரம் செல்லுல ஒண்ணே ஒண்ணு. அது யாருக்கும் இருக்கிறதாம். பொறந்த குழந்தை மாதிரி ரத்தம். விசாலி கோயிலுக்கு ஓடுனா. மச்சினன் ஃபோன்லயே அழுதான். ஆஸ்பத்திரி முழுக்க லட்டு குடுத்தாங்க. நான் அந்த லட்டை வாயில வச்சுக்கிட்டு முழுங்க முடியாம நிக்குறேன். செங்கமலம் மட்டும் கிட்ட வந்து, 'ஏன் சார் ஒரு மாதிரி இருக்கீங்க, நல்ல சேதிதானே'ன்னு கேட்டா. போய் வேலையைப் பாருன்னு அனுப்புனேன்.

ஒரு வாரத்துல மெஹருன்னிசா மேடம் நேர்லயே வந்துட்டாங்க. சின்ன உருவம். தோள்ல பெரிய பை. 'மாசிலாமணி சார், உங்க பேட்ஜுக்கு நானூத்திப் பன்னெண்டு, உங்களுக்கு ஒண்ணுமில்ல. எப்படி?'ன்னு கேட்டாங்க.

நான் சொன்னேன், 'என் உடம்பு வாகு அப்படி மேடம். எங்கப்பாவுக்குப் பாம்பு கடிச்சே ஒண்ணும் ஆகல.'

அவங்க சிரிக்கல. ரூமைப் பாக்கணும்னாங்க. கூட்டிட்டுப் போனேன். சுத்திச் சுத்திப் பாத்தாங்க. அங்க செங்கமலம் தரை துடைச்சுக்கிட்டிருந்தா. மேடம் அவகிட்ட, 'அம்மா, சார் பேட்ஜை எங்க வச்சிருப்பாரு?'ன்னு சும்மா பேச்சுவாக்குல கேக்குறாங்க. நான் பின்னால நின்னு கண்ணைக் காட்டுறேன், தலையை ஆட்டுறேன், கையைக் காட்டுறேன். அவ என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு, என்னைப் பெருமைப்படுத்துறதா நினைச்சுக்கிட்டுச் சொல்றா: 'சாருக்குப் பக்தி ஜாஸ்திங்கம்மா. எப்பவும் பிள்ளையார் படத்துலதான் மாட்டியிருப்பாரு. அவரு தொடவே மாட்டாரு.'

தொடவே மாட்டாருன்னு சொன்னா சார். அதையும் சேத்துச் சொன்னா.

மேடம் படத்தையும் பாத்தாங்க, கீழ ஸ்டாண்டையும் பாத்தாங்க. எழுதிக்கிட்டாங்க. என் கதை முடிஞ்சதுன்னு நினைச்சேன். அவங்க போயிருக்கலாம். போகாம இன்னொரு கேள்வி கேட்டாங்க. 'சின்னக் குழந்தைங்க வந்தா ஆடாம யார் பிடிச்சுக்குறாங்க?'

'நான்தாங்கம்மா'ன்னா செங்கமலம். அதுவும் பெருமையா.

அது உண்மைதான். அவ கை பட்டா எந்தக் குழந்தையும் அடங்கிடும். கீழ விழுந்து கை உடைஞ்சு, ஊரைக் கூட்டி அழுதுக்கிட்டு வர்ற பிள்ளையைக்கூட, காதுல ஏதோ சொல்லி, மார்போட அணைச்சு, கையை மட்டும் நேரா நீட்டி வச்சுக் காட்டுவா. நிக்க முடியாத வயசானவங்களையும் அவதான் தாங்கிப் பிடிப்பா. அதனாலதான் என் படம் எல்லாம் ஆடாம வரும்.

'உங்க பேட்ஜ் எங்கம்மா?'

'எனக்கு எதுக்குங்கம்மா, நான் ஆயா.'

'ஈய ஏப்ரன் போட்டுக்குவீங்களா?'

கதிர் தடுக்குறதுக்கு ஈயம் வச்ச ஏப்ரன் ஒண்ணு இருக்கும் சார். ஏழு கிலோ. எங்ககிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு. செங்கமலத்துக்கு இடுப்பு வலி, அவ்வளவு கனம் தாங்க மாட்டா. அதனால நான்தான் போட்டுக்குவேன். நான் நிக்குறது கண்ணாடிக்குப் பின்னால, ஈயச் சுவருக்கு அந்தப் பக்கம். அங்க ஏப்ரன் தேவையில்லதான். இருந்தாலும் ஒண்ணுக்கு ரெண்டு பாதுகாப்பா இருக்கட்டுமேன்னு.

இதை நான் மேடம்கிட்ட இப்படியேதான் சொன்னேன். சொல்லும்போது சரியாத்தான் இருந்துச்சு. சொல்லி முடிச்சதும் அவங்க என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க. எனக்கு என் காதுலயே நான் சொன்னது திரும்பக் கேட்டுச்சு.

வெளிய வந்து ஜீப்புகிட்ட நின்னு மேடம் சொன்னாங்க. 'உங்களைப் பத்தி நான் கவலைப்படல. அந்தம்மா ரத்தம் எனக்கு வேணும்.' பெரிய டாக்டர்கிட்ட கேட்டாங்க. அவர், 'அந்தம்மா எங்க ஸ்டாஃப் லிஸ்ட்லயே இல்ல, கூட்டிப் பெருக்க வர்றாங்க, அவ்வளவுதான்'னு முடிச்சிட்டாரு. மேடம் அவ ரத்தத்துக்கான பாரத்தை என் கையில குடுத்தாங்க. 'அவர் கையெழுத்துப் போட மாட்டாரு. அதை நான் பாத்துக்குறேன். நீங்க நிரப்பி, ரத்தத்தோட கொண்டாங்க. அதே நாள்ல வரணும்'னாங்க. மறுநாளே பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, பொய் எழுதிக் குடுத்தவனை வச்சுக்க முடியாதுன்னாரு. அந்த நாற்காலி பக்கம்கூட விடல.

எனக்கு வந்த கோவம் எல்லாம் செங்கமலம் மேலதான். ரெண்டு வாரம் வீட்ல உக்காந்து அவளைத் திட்டிக்கிட்டே இருந்தேன். இளநியும் நின்னு போச்சு, மாதுளையும் நின்னு போச்சு. பழையபடி போட்டதைத் தின்னுட்டு எந்திரி. அந்தப் பாரம் டிவி மேல கிடந்துச்சு. பொழுது போகாம ஒரு நாள் எடுத்து நிரப்ப உக்காந்தேன்.

'எத்தனை முறை கதிர்வீச்சின்போது அறைக்குள் இருந்தார்?' கேள்வி அவ்வளவுதான். அவளுக்கு எப்படித் தெரியும்? கணக்கு வச்சிருக்கிறது நான்தானே. ஆஸ்பத்திரிக்குப் போய் வாட்ச்மேன்கிட்ட நைசா பேசி, போன வருஷத்து ரிஜிஸ்டரை வாங்கிட்டு வந்தேன். பேர் பக்கத்துல வயசு எழுதியிருக்கும். மூணு வயசு, முழங்கை. ஒரு வயசு, நெஞ்சு. எழுபத்தெட்டு, இடுப்பு. ஒவ்வொண்ணையும் படிக்கும்போது அந்தப் பிள்ளை எப்படி அழுதுச்சு, இவ எப்படிப் பிடிச்சான்னு கண்ணுல வருது. நெஞ்சுப் படத்துக்கு அவ நின்ன இடம் பிள்ளையாருக்குக் கீழ, ஒரு முழம் தள்ளி. அந்தப் பேட்ஜுக்கு மூணு மாசம்தான் சார். இவ பதினோரு வருஷம் நின்னிருக்கா.

ஒரு வருஷத்துக்கு மட்டும் எண்ணுனேன். ஆயிரத்து நூத்தி முப்பத்தாறு. அதுக்கு மேல எண்ண முடியல. பத்து பத்தா எண்ணும்போது எங்கயோ விட்டுட்டேன், திரும்ப ஆரம்பிக்க கை வரல. அடுத்த கேள்வி, 'ஏப்ரன் அணிந்திருந்தாரா?' 'இல்லை'ன்னு எழுதுனேன். யார் போட்டிருந்தாங்கன்னு பாரத்துல கேக்கல. கேக்காமலே ஓரத்துல, 'நான் போட்டிருந்தேன் - மாசிலாமணி'ன்னு எழுதுனேன். மேடம்கிட்ட நான் ஏற்கெனவே சொன்னதுதான். இருந்தாலும் எழுதுனேன்.

நேத்து சாயந்தரம் செங்கமலத்தோட வீட்டுக்குப் போனேன். போற வழியெல்லாம் ஒத்திகை பாத்துக்கிட்டே போனேன். செங்கமலம், உன் மேல நிறைய கதிர் பட்டிருக்கலாம், உன்னை நிக்க வச்சது நான்தான், ரத்தம் குடு பாத்துடுவோம். இவ்வளவுதான் சொல்லணும். அவ வாசல்லயே நாற்காலி போட்டு, 'உக்காருங்க சார், காப்பி போடுறேன், உங்களை அப்படி வாய்தவறிக் காட்டிக் குடுத்துட்டேனே, சோறு இறங்கல சார்'னு அழ ஆரம்பிச்சிட்டா. பயந்துட்டேன் சார். நான் கோழைதான்.

'செங்கமலம், உன் ரத்தம் கொஞ்சம் வேணும். அதைக் காட்டுனா எனக்குத் திரும்ப வேலை கிடைக்கும்'னுட்டேன்.

ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. முந்தானையில கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, 'எந்தக் கையில சார் எடுக்கணும்?'னு கேட்டா. இன்னைக்குக் காலையில ஆறரைக்கெல்லாம் குளிச்சிட்டு, ரத்தம் எடுக்க எங்க ஊர் லேபுக்கு வந்து நிக்குறா. வெறும் வயித்துல வரணுமோன்னு தண்ணிகூடக் குடிக்கல. தேவையே இல்ல, நான் சொல்ல மறந்துட்டேன். ஊசி போடுற பொண்ணுகிட்ட, 'கொஞ்சம் கூடவே எடுத்துக்கம்மா, சாருக்கு வேலை கிடைக்கணும்'ங்கிறா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா. வெயில் படாத பக்கமா பாத்து என்னை உக்கார வச்சிட்டு, எலுமிச்சம்பழ சாதம் கட்டிக் குடுத்துட்டுப் போனா. இந்தா இருக்கு. பிரிக்க மனசு வரல.

இருபத்தேழு வருஷத்துல எனக்கு என் உடம்பைப் பத்திப் பயம் வந்திருக்கு, வேலையைப் பத்தி வந்திருக்கு, மானத்தைப் பத்தி ரொம்ப வந்திருக்கு. இன்னொருத்தருக்காகப் பயம் வந்தது இப்பதான். ரிசல்ட் வர ஒரு மாசம் ஆகுமாம். இந்தத் தடவை நடுவாந்தரமா எல்லாம் வேண்டல சார். சுத்தமா இருக்கணும். ஒண்ணுகூட இருக்கக் கூடாது. யாருக்கும் இருக்கிற அந்த ஒண்ணுகூட அவளுக்கு வேணாம்.

இருங்க, ஃபோன் அடிக்குது. அவதான்.

சொல்லு செங்கமலம்... பெரம்பலூர் தாண்டியாச்சு... மடியிலதான் இருக்கு, குலுங்கல... ம், சாப்பிட்டேன், நல்லா இருந்துச்சு... இல்ல, வேலை பத்தி இன்னும் யாரும் சொல்லல, இப்பதானே போயிக்கிட்டிருக்கேன்... செங்கமலம், இரு. வச்சிடாத. ஒண்ணு சொல்லணும். நேத்து நான் பொய் சொல்லிட்டேன். இந்த ரத்தம் என் வேலைக்கு இல்ல. உனக்கு. அந்த ரூம்ல நீ பிள்ளைங்களைப் பிடிச்சுக்கிட்டு நின்னல்ல, அதுல உன் மேல நிறைய கதிர் பட்டிருக்கும். உடம்புக்கு ஏதாச்சும் ஆயிருக்கான்னு பாக்கத்தான் கொண்டு போறேன். உன்னை அங்க நிக்க வச்சது நான். ஏப்ரனையும் நானே போட்டுக்கிட்டேன். என் தப்புதான். கேக்குதா... செங்கமலம்... கேக்குதா...

வச்சிட்டா சார்.

இல்ல, திட்டல. அழவும் இல்ல. அவ வீட்டுப் பக்கம் கோழி கத்துறதுகூட எனக்குக் கேட்டுச்சு. அப்புறம் மெதுவா கேட்டா, 'அப்ப உங்க வேலைக்கு யாரு சார் ரத்தம் குடுக்குறது?'